1978 தமிழ்ப் படங்கள்: பத்து இடம், ஆறு வாக்குச்சீட்டு

கொட்டகை:
1978-இல் வந்த தமிழ்ப் படங்களில் நினைவில் நிற்கும் பத்தை வரிசைப்படுத்துவோம். ஆளுக்கு ஒரு சீட்டு. முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாம் இடத்துக்கு 1. தராசு ஓட்டுப் போடாமல் எண்ணித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

திரைக்கு வந்த தேதிதான் கணக்கு. தணிக்கைத் தேதியோ விருது ஆண்டோ இல்லை. இந்த ஆண்டைப் பற்றிய பட்டியல்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். '16 வயதினிலே' 1977 செப்டம்பர். 'உதிரிப்பூக்கள்', 'பசி', 'அழியாத கோலங்கள்' மூன்றும் 1979. டிசம்பர் 22-இல் வந்த 'ப்ரியா' ஓடியதெல்லாம் அடுத்த ஆண்டில் என்பதால் பலர் அதை 1979-இல் போட்டுவிடுகிறார்கள். நமக்கு அது 1978. ரீமேக் செல்லும், டப்பிங் செல்லாது.

என் வரிசை: முள்ளும் மலரும், அவள் அப்படித்தான், கிழக்கே போகும் ரயில், சிகப்பு ரோஜாக்கள், நிழல் நிஜமாகிறது, இளமை ஊஞ்சலாடுகிறது, தப்புத் தாளங்கள், தியாகம், பைரவி, ப்ரியா.

ஒன்று கவனியுங்கள். ஆகஸ்ட் 10-இல் 'கிழக்கே போகும் ரயில்', 15-இல் 'முள்ளும் மலரும்', அக்டோபர் 28-இல் 'சிகப்பு ரோஜாக்கள்', 30-இல் தீபாவளிக்கு 'அவள் அப்படித்தான்'. என் முதல் நான்கும் 81 நாள் இடைவெளிக்குள் வந்தவை. பட்டியலை இப்படி வளைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, அந்த ஆண்டே அப்படி.

பெஞ்சு_டிக்கெட்:
தலைவரே, 'ப்ரியா'வுக்குப் பத்தாவது இடமா? தெருவுல போற நாலு பேரை நிறுத்தி 78-ல வந்த படம் ஏதாவது சொல்லுங்கன்னு கேளுங்க. 'என்னடி மீனாட்சி'யும் 'டார்லிங் டார்லிங்'கும்தான் வரும். 'அவள் அப்படித்தான்' அப்ப தியேட்டர்ல யார் பார்த்தா? பின்னாடி பத்திரிகைக்காரங்க எழுதி எழுதித் தூக்கி நிறுத்துன படம் அது.

என் சீட்டு: முள்ளும் மலரும், கிழக்கே போகும் ரயில், சிகப்பு ரோஜாக்கள், இளமை ஊஞ்சலாடுகிறது, அவள் அப்படித்தான், ப்ரியா, பைரவி, நிழல் நிஜமாகிறது, தியாகம், மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்.

கடைசி இடம் ஏன்னா, பொங்கலுக்கு வந்த எம்.ஜி.ஆரோட கடைசிப் படம். அவர் முதலமைச்சர் ஆகி ஆறு மாசம் கழிச்சு வந்துச்சு. அதே வருஷம் ஜூன்ல 'பைரவி'. கலைஞானம் துணிஞ்சு ரஜினியைத் தனி ஹீரோவாப் போட்டார். மெட்ராஸ்ல விநியோகம் பண்ண தாணு பிளாசா தியேட்டர்ல 35 அடி கட்-அவுட் வச்சு, போஸ்டர்ல 'சூப்பர் ஸ்டார்'னு போட்டார். ஒரு ஆட்டம் முடிஞ்சு அடுத்த ஆட்டம் தொடங்குன வருஷம்ங்க இது. ரெண்டு படமும் பட்டியல்ல இருக்கணும்.

மஞ்சு_கட்சி:
பெஞ்சு சொல்வதில் பாதி சரி. 'அவள் அப்படித்தான்' வெளியானபோது கூட்டம் இல்லை. ஆனால் பத்திரிகைகள் இல்லாத ஒன்றை ஊதிப் பெரிதாக்கவில்லை. படத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இயக்குநர் ருத்ரையா திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தவர், இது முதல் படம். சின்ன பட்ஜெட், கறுப்பு வெள்ளை, ஏறத்தாழ 114 நிமிடம். மற்ற படங்கள் இரண்டே கால், இரண்டரை மணி நேரம் ஓடிய காலம் அது. பாட்டு மூன்றுதான், ஒன்றுகூடக் கதையை நிறுத்திவிட்டு வருவதில்லை. 'பன்னீர் புஷ்பங்களே'வை அருண் பாத்திரத்துக்காகக் கமலே பாடினார். அருண் எடுக்கும் ஆவணப்படத்தில் பெண்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். நடிப்பின் நடுவே பேட்டியை வைக்கும் இந்த உத்தி தமிழில் அதற்கு முன் இந்த அளவுக்கு வந்ததில்லை. ஒளிப்பதிவாளர்கள் நல்லுசாமியும் ஞானசேகரனும் முகத்தின் ஒரு பக்கத்தை இருட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நிரப்பு விளக்குப் போட்டு முகத்தைப் பளபளப்பாக்கும் ஸ்டூடியோப் பழக்கம் இல்லை.

தியாகுவையும் சொல்ல வேண்டும். நெற்றியில் விபூதி, கையில் கிளாஸ், விளம்பரக் கம்பெனி முதலாளி, பெண்கள் என்றாலே இளக்காரம். ரஜினி அந்த ஆளை ஒரு இடத்தில்கூட நல்லவனாக்க முயலவில்லை. முற்போக்குப் பேசும் அருண் கடைசியில் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதைக் காரின் பின்சீட்டில் நடக்கும் ஒரு கேள்வி பதிலில் முடித்துவிடுகிறார்கள். சரிதா வருவது அந்த ஒரு காட்சிக்குத்தான்.

அவள் அப்படித்தான், முள்ளும் மலரும், கிழக்கே போகும் ரயில், நிழல் நிஜமாகிறது, ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள், தப்புத் தாளங்கள், சிகப்பு ரோஜாக்கள், இளமை ஊஞ்சலாடுகிறது, சிட்டுக்குருவி, ப்ரியா.

'சிகப்பு ரோஜாக்கள்' ஏழாவது, வேண்டுமென்றேதான். படமாக்கிய விதம் பிரமாதம். ஆனால் கொலைகாரனுக்குச் சொல்லும் காரணங்கள் எல்லாமே பெண்கள் மேல் போய் விழுகின்றன. கதை அதைக் கேள்வி கேட்பதே இல்லை.

ரீல்பெட்டி:
ஓட்டுப் போடும் முன் எல்லோரும் எந்தப் பிரதியைப் பார்த்தார்கள் என்று தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்த ஆண்டுப் படங்களில் இணையத்தில் கிடப்பவை பெரும்பாலும் டிவி பிரதிகள். அவற்றில் மூன்று வகைக் கோளாறு.

முதலாவது வெட்டு. தணிக்கைச் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மிமீ படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழ் எண்ணை 27.4-ஆல் வகுத்தால் நிமிடக் கணக்கு வந்துவிடும். 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். உங்களிடம் உள்ள கோப்பு 130 நிமிடம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை ரீல் காணவில்லை. ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிடம்.

அவசரப்பட்டு வெட்டு என்று சொல்லிவிடவும் கூடாது, ஏனென்றால் இரண்டாவது கோளாறு வேகம். படம் வினாடிக்கு 24 கட்டம், நம் ஊர் டிவி 25. படச்சுருளை டிவிக்கு மாற்றும் டெலிசினி கருவியில் அப்படியே வேகமாக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடமாகும், ஒரு கட்டம்கூட வெட்டாமலே. கூடவே சுருதியும் அரை ஸ்வரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ஜேசுதாஸ் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்டால் காரணம் இதுதான். எனவே முதலில் கோப்பின் நீளத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் குறைந்தால்தான் வெட்டு.

மூன்றாவதுதான் மோசம். பழைய 4:3 பிரதியை அகலத்திரைக்காக மேலும் கீழும் நறுக்குவது. உயரத்தில் கால் பங்கு போய்விடும். 'முள்ளும் மலரும்' படத்தை அப்படிப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவு சுமார் என்று எழுதுகிறார்கள். பாலு மகேந்திரா மனிதர்களைக் கீழே வைத்து மேலே மலைக்கும் வானத்துக்கும் இடம் விட்டிருப்பார். நறுக்கினால் அந்த இடம்தான் முதலில் போகும். ஆட்களின் தலை திரையின் விளிம்பில் இடித்தால் அந்தப் பிரதியை மூடிவிடுங்கள்.

சீட்டு: முள்ளும் மலரும், அவள் அப்படித்தான், சிகப்பு ரோஜாக்கள், கிழக்கே போகும் ரயில், நிழல் நிஜமாகிறது, இளமை ஊஞ்சலாடுகிறது, தப்புத் தாளங்கள், தியாகம், ப்ரியா, பைரவி.

வடமராட்சியான்:
'பைலட் பிரேம்நாத்' எண்ட பேரையே ஒருத்தரும் சொல்லேல்லை. அதுவும் 78 தீபாவளிக்கு வந்த படம்தான். இந்திய இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு, திருலோகசந்தர் இயக்கம், சிவாஜிக்குச் சோடி மாலினி பொன்சேகா. சிங்களத் திரையின்ர முதல்நிலை நடிகை தமிழ்ப்படத்தில கதாநாயகியா வந்தது சின்ன விசயம் இல்லை. படம் எண்ட அளவில பெரிசாச் சொல்ல ஒண்டும் இல்லை, அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா இஞ்சை அந்த ஆண்டை நினைச்சா இந்தப் படம் இல்லாமல் நினைக்கேலாது.

பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழி ஆள். 'முள்ளும் மலரும்' அவர் தமிழில ஒளிப்பதிவு செய்த முதல் படம். எங்கட ஆள் எண்டதுக்காக முதலிடம் குடுக்கேலாது. மங்கா வாற பகுதி ஃபடாபட் ஜெயலட்சுமி நல்லாச் செய்திருந்தாலும் நடுவில கதையை இழுக்குது. எனக்கு மூண்டாவது.

அவள் அப்படித்தான், கிழக்கே போகும் ரயில், முள்ளும் மலரும், நிழல் நிஜமாகிறது, பைலட் பிரேம்நாத், சிகப்பு ரோஜாக்கள், இளமை ஊஞ்சலாடுகிறது, அக்ரஹாரத்தில் கழுதை, தியாகம், அந்தமான் காதலி.

கொட்டகை:
'முள்ளும் மலரும்' பற்றி வடமராட்சியானுக்கு ஒரு மறுப்பு. மங்கா இல்லாவிட்டால் நாயகன் காளிக்குத் தங்கை ஒருத்திதான் உலகம் என்பது வெறும் வசனமாக நின்றிருக்கும். கல்யாணமான பிறகும் அவனுடைய பாசமும் பிடிவாதமும் இடம் மாறவில்லை என்று காட்ட அவள் வேண்டும். அதோடு சோறு பாட்டு அவளுடையது, அந்த வீட்டின் வறுமையைப் பசியாகச் சொல்லும் இடம் அதுதான்.

உமாசந்திரனின் நாவல் கல்கி வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு வாங்கியது. இயக்குநர் மகேந்திரன் அதை அப்படியே எடுக்கவில்லை. வின்ச் ஆபரேட்டர், தங்கை, என்ஜினீயர் என்ற முக்கோணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்கு முன் மற்றவர்களுக்கு நீளநீளமாக வசனம் எழுதிக் கொடுத்தவர் அவர். தன் படத்தில் அதையெல்லாம் சுரண்டி எடுத்தார். பின்னணி இசை சேராத பிரதியைப் பார்த்துத் தயாரிப்பாளர் வேணு செட்டியார் வசனமே இல்லையே என்று நொந்துபோனார் என்பது மகேந்திரனே சொன்னது. 'செந்தாழம் பூவில்' எடுக்கப் பணம் தட்டியபோது கமல் கைகொடுத்தார் என்பதும் அவர் சொன்னதுதான். கமல் நடிக்காத படம்!

முடிவைப் பாருங்கள். காளி என்ஜினீயரிடம் தங்கையைக் கொடுக்கும் நேரத்திலும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறான். மனம் மாறி மன்னிப்புக் கேட்கும் வழக்கமான முடிவு இல்லை. தங்கை தன்னிடம் திரும்பி வந்தாள், அதுவே போதும் என்பதோடு அவன் தோல்வி முடிகிறது.

ஸ்வரக்கோவை:
இசைப் பக்கம் யாரும் போகவில்லையே. 1978-ஐ இளையராஜா ஆண்டு என்று மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட முடியாது. 'இலக்கணம் மாறுதோ', 'கம்பன் ஏமாந்தான்', 'நினைவாலே சிலை செய்து' எல்லாம் எம்.எஸ்.வி. கடைசிப் பாட்டில் ஜேசுதாஸ் 'திருக்கோயிலே'வைத் 'தெருக்கோயிலே' என்று பாடித் தெருவில் விட்டது வேறு கதை.

ராஜாவிடம் அந்த ஆண்டு கவனிக்க வேண்டியது எண்ணிக்கை இல்லை, சோதனை. 'சிட்டுக்குருவி'யில் 'என் கண்மணி' கேளுங்கள். எஸ்.பி.பி., சுசீலா ஆளுக்கு இரண்டு குரல். ஒரு வரி முடிவதற்குள் அதே ஆளின் இன்னொரு குரல் வேறு மெட்டில் நுழைகிறது. இரண்டும் தனியாகவும் பாட்டாக நிற்கும், சேர்ந்தும் நிற்கும். ஒரே நேரத்தில் பாடி எடுக்க முடியாது. ஒன்றைப் பதிந்துவிட்டு அதன்மேல் அடுத்ததை ஏற்ற வேண்டும். தாளம் மயிரிழை பிசகினால் மொத்தமும் சேறாகிவிடும். நடுவே தேனாம்பேட்டையில் ஆளை இறக்கிவிடும் கண்டக்டர் குரல் வேறு. படம் யாருக்கும் நினைவில்லை, பாட்டு மட்டும் தப்பியது.

'ப்ரியா' ஸ்டீரியோவில் பதிந்த இசை. அந்தப் பலன் இசைத்தட்டில்தான். அன்றைய கொட்டகைகள் ஏறக்குறைய எல்லாமே மோனோ. அதனால் 'ப்ரியா' படத்துக்கு ஓட்டுப் போடுகிறவர் தட்டுக்குப் போடுகிறாரா படத்துக்குப் போடுகிறாரா என்று யோசிக்கட்டும். சுஜாதாவின் கதை லண்டனில் நடப்பது, படம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. நாயகன் வக்கீல் கணேஷின் மூளையைக் காட்ட வேண்டிய இடங்களில் ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள்.

என் சீட்டு: அவள் அப்படித்தான், முள்ளும் மலரும், சிகப்பு ரோஜாக்கள், கிழக்கே போகும் ரயில், நிழல் நிஜமாகிறது, ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள், இளமை ஊஞ்சலாடுகிறது, சிட்டுக்குருவி, ப்ரியா, அந்தமான் காதலி.

பெஞ்சு_டிக்கெட்:
இவ்வளவு திட்டிட்டு நீங்களும் 'ப்ரியா'வுக்கு 2 போட்டிருக்கீங்களே சார்.

ஸ்வரக்கோவை:
தட்டுக்குத்தான்.

மஞ்சு_கட்சி:
ரஜினி, கமல் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். நடிகைகளை வைத்துப் பார்த்தால் வரிசை வேறு மாதிரித் தெரியும். ஷோபா ஒரே ஆண்டில் 'முள்ளும் மலரும்' தங்கை வள்ளியாகவும் 'நிழல் நிஜமாகிறது' வேலைக்காரப் பெண்ணாகவும் வருகிறார். இரண்டிலும் கண்ணைத் தவிர எதையும் பெரிதாக அசைக்கவில்லை. பாலசந்தர் படங்களில் எல்லோரும் ஒரு சுருதி ஏற்றிப் பேசுவார்கள், அதற்குள் இந்தப் பெண் மட்டும் தணிந்து பேசுவதால்தான் மலையாள 'அடிமகள்' கதை தமிழில் பிழைத்தது. ஸ்ரீப்ரியா ஒரு பக்கம் 'அவள் அப்படித்தான்' மஞ்சு, இன்னொரு பக்கம் 'இளமை ஊஞ்சலாடுகிறது', நடுவே 'பைரவி'யில் நாயகி. 'தப்புத் தாளங்கள்' மூலம் சரிதா தமிழுக்கு வந்தார். ராதிகாவுக்கு முதல் படமே 'கிழக்கே போகும் ரயில்'.

அந்தப் படத்தில் ஒரு சின்ன உத்தியைச் சொல்ல வேண்டும். பாஞ்சாலிக்கும் பரஞ்சோதிக்கும் கடிதம் கிடையாது, ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறம் எழுதி அனுப்புவார்கள். பெட்டி தூரப் போகப் போக எழுத்துச் சிறிதாகும். அதைப் படிக்க ஒரு வினாடிதான் கிடைக்கும், பார்ப்பவருக்கும் அதே வினாடிதான். நிவாஸ் அந்தக் காட்சிகளில் கேமராவைத் தண்டவாளத்துக்கு நேரே நிறுத்திவிடுவதால்தான் அது வேலை செய்கிறது.

ரீல்பெட்டி:
நிவாஸ் பற்றிப் பேச்சு வந்ததால்: 'சிகப்பு ரோஜாக்கள்' அதே இயக்குநர், அதே ஒளிப்பதிவாளர், அதே ஆண்டு. கிராமத்துப் படத்தை மூன்று மாதம்கூட ஆகாமல் அதற்கு நேர் எதிரான படம் துரத்தி வருகிறது. வீட்டுக்குள் விளக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வைத்திருக்கிறார்கள். பயம் வருவது அங்கேதான். கொலையைக் காட்டிய இடங்களைவிட ரோஜாச் செடிகளைக் காட்டிய இடங்கள் அதிகம் உறுத்தும். பாரதிராஜாவே ராஜேஷ் கன்னாவை வைத்து 1980-இல் இந்தியில் எடுத்தார், எடுபடவில்லை. ராஜேஷ் கன்னா எப்போது கெட்டவனாவார் என்று கூட்டம் காத்திருந்தது. கமலிடம் அந்தக் கேள்வியே எழவில்லை.

வடமராட்சியான்:
'மரோ சரித்ரா' செல்லுமோ? சென்னை சஃபையரில 596 நாள் ஓடினது எண்டு சொல்லுறாங்கள்.

கொட்டகை:
செல்லாது அண்ணை. தெலுங்குப் படம், தெலுங்கிலேயே ஓடியது. சென்னையில் எத்தனை நாள் ஓடினாலும் மொழி மாறாது. 'தப்புத் தாளங்கள்' கதை வேறு. கன்னடத்திலும் தமிழிலும் தனித்தனியாக எடுத்தார்கள், தமிழுக்குத் தனிப் பிரதி உண்டு.

தராசு:
ஆறு சீட்டு எண்ணியாயிற்று. முள்ளும் மலரும் 56, அவள் அப்படித்தான் 54, கிழக்கே போகும் ரயில் 48, சிகப்பு ரோஜாக்கள் 40, நிழல் நிஜமாகிறது 35, இளமை ஊஞ்சலாடுகிறது 28, தப்புத் தாளங்கள் 13. ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். முதல் ஆறும் ஆறு சீட்டிலும் இருக்கின்றன. அதற்குக் கீழே ஆளாளுக்கு ஒரு படம்.

சிக்கலும் அங்கேதான். 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' இரண்டே சீட்டில் 6, 5 என்று 11 வாங்கியிருக்கிறது. ஜெயகாந்தன் கதை, பீம்சிங்கின் கடைசிப் படங்களில் ஒன்று, நல்ல பிரதி கிடைப்பது அரிது. கூட்டுத்தொகை முறை பார்க்கப்படாத படத்தைத் தண்டிக்கும். பார்த்தவர்களின் சராசரி என்று மாற்றினால் அது 5.5 வாங்கி, 4.67 உள்ள 'இளமை ஊஞ்சலாடுகிறது' படத்தை முந்திவிடும். ஆனால் சராசரிக்கு எதிர்க் குறை உண்டு. தேடிப்பிடித்துப் பார்ப்பவர் ஏற்கெனவே விரும்பித்தான் பார்க்கிறார், அதனால் அரிய படங்கள் எல்லாம் ஊதிப்போகும். குறைந்தது பாதிப் பேர் பார்த்திருந்தால் மட்டும் சராசரி என்று வைப்பார்கள். இங்கே ஆறில் இரண்டு, தேறாது. கூட்டுத்தொகையே இருக்கட்டும்.

அடுத்தது, வடமராட்சியான் சீட்டில் எட்டாவதாக உள்ள 'அக்ரஹாரத்தில் கழுதை' 1978-இல் திரைக்கு வந்த படமல்ல, 1977 படம். விதிப்படி நீக்க வேண்டும். அப்படி நீக்கும்போது காலி இடத்தை விட்டுவைக்கக் கூடாது, கீழே உள்ளவை ஒவ்வொரு படி ஏறும். 'தியாகம்' 2-இலிருந்து 3, 'அந்தமான் காதலி' 1-இலிருந்து 2. பத்தாவதாக ஒரு படத்தை அவர் சொல்ல வேண்டும்.

இதனால் 'தியாகம்' 10-இலிருந்து 11 ஆகிறது. 'ப்ரியா'வும் 11. 'நடிகை'யும் 11. எட்டு, ஒன்பது, பத்து மூன்று இடத்துக்கும் சமன்.

வடமராட்சியான்:
சரி, நீக்குங்கோ. பத்தாவது 'தப்புத் தாளங்கள்'. சமனை உடைக்கச் சொல்லி என்னட்டை வராதேங்கோ.

தராசு:
அப்படியானால் 'தப்புத் தாளங்கள்' 14, ஏழாமிடம் உறுதி. சமனை உடைக்க இரண்டு வழி. அதிகச் சீட்டில் இருப்பது முந்தலாம்: ப்ரியா 5 சீட்டு, தியாகம் 4, நடிகை 2. இல்லையென்றால் ஏதாவது ஒரு சீட்டில் கிடைத்த உயர்ந்த இடம்: நடிகை ஐந்தாவது, ப்ரியா ஆறாவது, தியாகம் எட்டாவது. கொட்டகைதான் சொல்ல வேண்டும்.

மஞ்சு_கட்சி:
இரண்டாவது வழி. நான்கு பேர் பத்தாவது, ஒன்பதாவது என்று ஓரமாக ஒதுக்கிவைத்த படமும், ஒருவர் ஐந்தாமிடத்தில் உறுதியாக நிறுத்திய படமும் ஒன்றல்ல.

கொட்டகை:
நினைவில் நிற்பதற்கான பட்டியல் என்று தொடங்கியது. எத்தனை பேர் நினைவில் என்பதுதான் இங்கே பொருந்தும். அதிகச் சீட்டு முறை. எட்டு ப்ரியா, ஒன்பது தியாகம், பத்து ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள். 'பைரவி' 7 புள்ளியோடு வெளியே.

பெஞ்சு_டிக்கெட்:
'ப்ரியா' எட்டாவது, சந்தோஷம். ஆனா 'பைரவி'யை வெளிய விட்டுட்டு 78-ன்னு போர்டு மாட்டுறது நியாயமே இல்ல தலைவரே. 79-க்கு எப்ப இழை போடுறீங்க? 'உதிரிப்பூக்கள்', 'பசி', 'ஆறிலிருந்து அறுபது வரை' மூணும் ஒரே வருஷம், அங்க வச்சுக்கிறேன்.

ரீல்பெட்டி:
அதற்கு முன் 'உதிரிப்பூக்கள்' முழு நீளப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். நிமிடத்தை 27.4-ஆல் பெருக்கிச் சான்றிதழோடு ஒப்பிட்டுவிட்டு ஓட்டுப் போடலாம்.